மணலைத் தாண்டினால் கடல்

ஜனவரி 13, திங்கள்

இன்று எங்கள் பிராணிகள் மருத்துவமனையில் ஒரு பூனை என் கையைப் பிறாண்டியது. ஒரு கிளி டாக்டரைக் கெட்ட வார்த்தையில் திட்டியது. வழக்கமான திங்கள்கிழமைதான்.

மதியம் ஷெல்பியிடமிருந்து ஃபோன். ராய்ஸின் இப்போதைய மனைவி. நான் முந்தையவள். இத்தனை வருடத்தில் அவள் என்னை அழைத்ததே இல்லை, ஆகவே நாய்க்கு ஊசி போட வேண்டுமா என்று கேட்டேன்.

"எங்ககிட்ட நாய் இல்ல மிஸ் நோலா. ராய்ஸுக்குத்தான் ஒடம்பு சரியில்ல."

சனிக்கிழமை அவன் அந்தப் பாய்மரக் கயாக் படகைத் தனியாளாகக் கடற்கரை மணலில் இழுத்திருக்கிறான். கயாக் நகரவில்லை. அவன் குடல்தான் நகர்ந்தது. ஹெர்னியா. அறுவை சிகிச்சைக்கு மார்ச் கடைசியில்தான் நாள் கிடைத்திருக்கிறது. அதுவரை கனமான எதையும் தொடக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. ஆனால் வளைகுடாவில் நடக்கும் மூன்று நாள் படகுப் போட்டி மார்ச் எட்டாம் தேதி ஆரம்பம்.

"போயே தீருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறான். செத்துடுவன்னு சொன்னேன். கடல்ல சாகறது கௌரவம்ங்கறான்."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"படகு போட்டியில இருந்தாப் போதும், நான் கரையில நின்னுக்கறேன்னு கடைசியா ஒத்துக்கிட்டான். எனக்குத் தள்ளத் தெரியும். பாய் கட்டத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க இதில் என்ன இருக்கிறது? முன்னாள் கணவனின் படகை அவனுடைய புதுப் பெண்டாட்டியோடு சேர்ந்து ஓட்ட வேண்டும் என்று எனக்கு என்ன தலையெழுத்து?

ஜனவரி 14

முடியாது என்று சொல்லிவிட்டேன். நிம்மதி.

ஜனவரி 16, வியாழன்

சரி என்று சொல்லிவிட்டேன்.

ஏன் என்று எழுதி வைக்கிறேன், பிறகு என்னை நானே திட்டிக்கொள்ளும்போது உதவும். அந்தக் கயாக்கை வாங்கியபோது நானும் ராய்ஸும் புருஷன் பெண்டாட்டி. இரண்டு பேர் உட்காரும் நீளமான படகு. இரு பக்கமும் மிதவை, நடுவில் பாய்மரம், காற்று இல்லாவிட்டால் காலால் மிதிக்கலாம். இந்தப் போட்டிக்காகவே இரண்டு வருடம் பழகினோம். போட்டி வருவதற்குள் கல்யாணம் முறிந்துபோனது. வக்கீலிடம் படகு அவனுக்கு, வீடு எனக்கு என்று ஆனது. வீட்டைப் பற்றி எனக்குக் குறை இல்லை. ஆனாலும் கடற்கரைச் சாலையில் போகும்போதெல்லாம் பாய்கள் கண்ணில் படுகின்றன. எனக்கு ஐம்பத்தேழு. முழங்கால் இன்னும் எத்தனை நாள் என் பேச்சைக் கேட்கும்?

இன்னொன்று. ஷெல்பியின் மேல் கோபப்பட எனக்கு ஒரு நியாயமும் கிடையாது. நாங்கள் பிரிந்து ரொம்ப நாள் கழித்துத்தான் அவள் வந்தாள். அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

ஜனவரி 19, ஞாயிறு

சர்ச் முடிந்து முதல் பயிற்சி. ஷெல்பி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அறுபது பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கும் தோள், குரல், எல்லாம் இருக்கிறது. ராய்ஸ் மடக்கு நாற்காலியில், மடியில் வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலத்தோடு.

போட்டி விதி ஒன்று இருக்கிறது. கரையில் கடற்பாசி ஒதுங்கிக் கிடக்கும் கோட்டுக்கு மேலே படகு நிற்கும். சாமான்கள் எல்லாம் ஏற்றி முடித்த படகு. ஓட்டுகிறவர்கள் மட்டுமே அதைத் தண்ணீருக்குள் கொண்டு போக வேண்டும். வேறு எவர் கையும் படக் கூடாது. தள்ளுவதற்கு எந்தக் கருவி வைத்துக்கொண்டாலும் அதையும் படகில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். பாதிப் படகுகளுக்குப் போட்டி மணலிலேயே முடிந்துவிடும்.

இன்று எங்களுக்கும் முடிந்தது. எங்கள் ஊர் மணல் பார்க்க மாவு மாதிரி அழகாக இருக்கும். கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே. ராய்ஸின் தள்ளுவண்டிச் சக்கரங்கள் ஒல்லியானவை. படகை அதன் மேல் ஏற்றிய உடனே இரண்டும் நண்டு மாதிரி மணலுக்குள் போய் மறைந்துகொண்டன. மூச்சைப் பிடித்துத் தள்ளினோம். வண்டி இன்னும் ஆழமாகப் போனது.

"கொஞ்சம் வேகமாத் தள்ளினா மேல வந்துடும்" என்றான் ராய்ஸ், கடலையை உரித்துக்கொண்டே.

ஷெல்பி என்னைப் பார்த்தாள். "உங்க கூட இருந்தப்பவும் இப்படித்தானா?"

"அப்ப பிஸ்தா" என்றேன்.

ஜனவரி 20

இடுப்பு. இடுப்பு. இடுப்பு.

பிப்ரவரி 2, ஞாயிறு

ராய்ஸின் புதுத் திட்டம். தண்ணீர்க் குழாய்த் துண்டுகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் படகை உருட்டுவது. "எகிப்துக்காரன் இப்படித்தான் பிரமிடு கட்டினான்."

எகிப்துக்காரனுக்கு எங்கள் ஊர் மணல் கிடையாது போலிருக்கிறது. குழாய்கள் உருளவே இல்லை. ஒவ்வொன்றும் படகின் கனத்தில் மணலுக்குள் புதைந்தது. ஒன்றைத் தோண்டி எடுத்து முன்னால் போடுவதற்குள் இன்னொன்று காணாமல் போகும். ஒரு குழாய் இன்னும் அங்கேதான் எங்கேயோ இருக்கிறது. அந்தப் பக்கம் வாக்கிங் வந்த ஒரு ஜோடி எதைத் தேடுகிறீர்கள் என்று கேட்டது. "என் புத்தியை" என்றாள் ஷெல்பி.

இந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று வண்டியும் இல்லை, குழாயும் இல்லை. கயிறு கட்டி வெறுமே இழுத்தோம். நான் முன்னால் கயிறு, ஷெல்பி பின்னால் முதுகைக் கொடுத்து. ஒரு முழம் நகர்ந்தது. கொண்டாடி உட்கார்ந்தோம். மறுபடி ஒரு முழம்.

மணல் தேய்த்ததில் படகின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த "ஷெல்பி" என்ற ஸ்டிக்கர் உரிந்து வந்துவிட்டது. அடியில் பெயிண்டில் "நோலா". அந்தக் கஞ்சன் அழிக்கக்கூட இல்லை, மேலேயே ஒட்டியிருக்கிறான்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஷெல்பி குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள். "முழுகினா பழி உங்க மேல."

பிறகு காரில் போகும்போது, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "ராய்ஸ் வீட்டு விருந்துல வருஷா வருஷம் ஒரே பேச்சு. நோலா இருந்தா வான்கோழி இப்படிக் காஞ்சிருக்காது. நோலா இருந்தா ராய்ஸ் கூடக் கடலுக்குப் போயிருப்பா. எனக்கு நீச்சல் தெரியும், ஆனா பாய் மேல எகிறுச்சுன்னா நெஞ்சு அடைச்சுக்கும். அதனாலதான் இதுக்கு வந்தேன். ராய்ஸுக்காக இல்ல."

என் வான்கோழியும் காய்ந்துதான் போகும் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. சத்தியம் செய்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நகர்ந்தது!

படகுத்துறையில் படகுகள் இடிபடாமல் இருக்கத் தொங்கவிடும் காற்றடைத்த உருளைகள் இருக்கின்றன அல்லவா? ஷெல்பி பெரியதாக மூன்று வாங்கி வந்தாள். முதலில் கல் மாதிரி காற்றடித்தோம். படகை ஏற்றினால் துள்ளிக்கொண்டு பக்கவாட்டில் ஓடியது. என் காலில் ஏறி இறங்கியது. நான் ஆத்திரத்தில் ஒன்றின் மேல் போய் உட்கார்ந்தேன். மூடி சரியாக இல்லை போல. அசிங்கமான சத்தத்தோடு பாதிக் காற்று போய்விட்டது. ராய்ஸ் சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐயோ என்றான். அவனுக்குச் சிரிக்கவும் கூடாதாம்.

ஆனால் அந்தத் தொளதொள உருளைதான் மணலில் புதையவில்லை. அகலமாகப் பரவிக்கொண்டு, மேலே படகைத் தாங்கிக்கொண்டு, மெதுவாக உருண்டது. மற்ற இரண்டிலும் காற்றைப் பிடுங்கினோம். பின்னால் வெளியே வருகிற உருளையை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடிப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஈர மணல் வந்ததும் படகு தானாகவே போகிற மாதிரி போனது. தண்ணீருக்குள் போய் விழுந்தோம், துணியோடு. காற்றை முழுதாக எடுத்துவிட்டால் உருளைகளை மடித்துக் காலடியில் செருகிக்கொள்ளலாம்.

ஷெல்பியிடம் பாய்க் கயிற்றைக் கொடுத்தேன். காற்று ஏறியபோது "மிஸ் நோலா, மிஸ் நோலா, மிஸ் நோலா" என்று ஜெபம் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள். கயிற்றை மட்டும் விடவில்லை.

மார்ச் 1, சனி

சாமான் ஏற்றும் நாள். பெரிய சண்டை.

ராய்ஸ் தயார் செய்து வைத்திருந்தவை: ஒரு நங்கூரம், அது போனால் இன்னொரு நங்கூரம், அவன் அப்பாவின் இரும்பு வாணலி, பீன்ஸ் டின்கள் ஒரு பெட்டி, கோடாரி. கடலில் எதை வெட்ட? படகை ஏற்றிப் பார்த்தோம். மெத்தையில் யானை உட்கார்ந்த மாதிரி உருளைகள் தட்டையாகிவிட்டன.

"வாணலி போகணும்" என்றாள் ஷெல்பி.

"அது இல்லாம நான் ஒரு தடவைகூடக் கடலுக்குப் போனதில்ல."

"நீ போகல ராய்ஸ்."

அவன் எழுந்து வீட்டுக்குள் போய்விட்டான். ஷெல்பி பின்னால் போகவில்லை, நானும் போகவில்லை. பிறகு எல்லாவற்றையும் இறக்கிக் கொட்டகையில் வைத்தோம். ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய், தண்ணீர், மருந்து, ஒரு நங்கூரம், விதிப்படி வேண்டிய விளக்குகள். அது போதும். மறுபடி தள்ளிப் பார்த்தோம். போனது.

மார்ச் 7, வெள்ளி

நாளை. நான் கிளம்பும்போது எங்கள் டாக்டர் கை கொடுத்து "செத்துடாதீங்க, திங்கக்கிழமை ரெண்டு நாய்க்கு ஆபரேஷன் இருக்கு" என்றார். நான் வியாழன்தான் வருவேன் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்?

மார்ச் 12, புதன்

கை விரல்கள் இப்போதுதான் பேனாவைப் பிடிக்கின்றன. மூக்குத் தோல் உரிந்துவிட்டது. எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை கடல் ரொம்பத் தள்ளிப் போயிருந்தது, ஆகவே மணல் நிறைய. கொம்பு ஊதினார்கள். இரு பக்கமும் படகுகள் நகர ஆரம்பித்தன. எங்களுடையது நகரவில்லை. உருளை வைத்தும் நகரவில்லை. போன வாரம் நகர்ந்த அதே படகு! கரையெங்கும் கூட்டம், கைதட்டல், பக்கத்தில் ஒரு கிழவர் தனியாளாகத் தன் படகைத் தள்ளிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போகிறார்.

"என்ன ஆச்சு உனக்கு, தள்ளு" என்று நான் கத்த, "தள்ளிட்டுத்தான் இருக்கேன், நீங்க இழுங்க" என்று அவள் கத்த, உருளை நசுங்கிக் கிடந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. படகின் முன் அறை மூடியைத் திறந்தேன்.

இரும்பு வாணலி.

பின் மூடியை ஷெல்பி திறந்தாள். இரண்டாவது நங்கூரம். பீன்ஸ். பீன்ஸ். பீன்ஸ். விடியற்காலையில், நாங்கள் காப்பி வாங்கப் போன நேரத்தில், ஹெர்னியாவோடு, ஒவ்வொரு டின்னாக ஏற்றியிருக்கிறான்.

ஷெல்பி திரும்பினாள். பள்ளிப் பேருந்துக் குரல். "ராய்ஸ் வின்ஃபீல்ட் டேட்."

கடற்கரையே அமைதியானது. பக்கத்துப் படகுக்காரர்கள்கூட நின்றுவிட்டார்கள். ராய்ஸ் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, பிடிபட்ட பிள்ளை மாதிரி நின்றான்.

"உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா… நான் கரையில சும்மா உக்காந்து கடலை தின்னுட்டு இருந்தேன்னு இருக்கக் கூடாதுல்ல. எதையாவது நான் செஞ்சாகணும்ல."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். இருபத்தாறு வருடம் இவனோடு குடும்பம் நடத்தினேன். பயமாக இருக்கிறது என்று ஒரு தடவைகூட அவன் வாயால் சொல்லிக் கேட்டதில்லை.

ஷெல்பி அவன் பக்கத்தில் போனாள். வாணலியை அவன் காலடியில் வைத்தாள். தொப்பியை வாங்கி அவன் தலையில் சரியாக மாட்டிவிட்டாள். "திங்கக்கிழமை சாயந்திரம் போட்டி முடியற தெற்குத் துறையில காரோட நில்லு. அதுதான் உன் வேலை. ஒரு டின்னையும் தூக்காத, இங்கயே கிடக்கட்டும்."

திரும்பி வந்து என்னிடம் மெதுவாக, "இப்பத் தள்ளலாமா நோலா?"

தள்ளினோம். கடைசிப் படகாகத் தண்ணீரைத் தொட்டோம். கூட்டம் போட்ட சத்தத்தில் முதல் படகு என்று நினைத்துக்கொள்ளலாம்.

மூன்று நாளும் நல்ல காற்று. முதல் நாள் முழுக்க ராய்ஸைப் பற்றித்தான் பேச்சு: குறட்டை, ஈரத் துண்டு, வழி கேட்காமல் ஓட்டுவது. அலையாத்திக் காட்டோரம் நடந்த பயணத்தில் அவனுக்கு எத்தனை தடவை புரை ஏறியிருக்கும்! இரண்டாம் நாள் மதியத்துக்குள் ராய்ஸ் தீர்ந்துவிட்டான். அதன் பிறகுதான் பேசவே ஆரம்பித்தோம். அவள் அம்மா, என் முழங்கால், குழந்தை இல்லாதது, இருவருக்கும். பாயை அவள்தான் பிடித்திருந்தாள். ஒரு பெரிய காற்று எகிறியபோது நான் கயிற்றுக்குக் கையை நீட்டினேன். "வேணாம், எங்கிட்ட இருக்கு" என்றாள். கையை எடுத்துக்கொண்டேன்.

முடித்த படகுகளில் கடைசிக்கு முந்தைய இடம். அந்தக் கிழவர்தான் எங்களுக்குப் பின்னால் வந்தார். வழியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தாராம். ராய்ஸ் காரோடு நின்றான். எங்களைப் பார்த்ததும் அழுதான், மணல் கண்ணில் விழுந்துவிட்டதாகச் சொன்னான். காற்றே இல்லை.

மார்ச் 27, வியாழன்

ராய்ஸுக்கு இன்று அறுவை சிகிச்சை. லீவு போட்டுவிட்டுப் போனேன். காத்திருக்கும் அறையில் ஷெல்பி எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வைத்திருந்தாள், சர்க்கரை இல்லாமல். பழைய பத்திரிகையில் ஒரு குறுக்கெழுத்துப் புதிரை ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொண்டிருந்தோம்.

நர்ஸ் கதவைத் திறந்து தலையை நீட்டினாள். "நல்லபடியா முடிஞ்சுது. மிஸ்டர் டேட்டோட மனைவி யாரு? கண்ணு முழிச்சதுல இருந்து வாணலி எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு."

நாங்கள் இருவரும் புதிரிலிருந்து தலையைத் தூக்காமல், ஒருவரை ஒருவர் கை காட்டினோம்.