பாட்டு கேட்கும் மேடம்

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனிமூட்டம். மயூர் விஹாரில் மெட்ரோ ஏறும்போதே கறுப்பு இயர்போனின் இடது பக்கம் செத்துவிட்டது. பத்தொன்பது நாள். வழக்கமான இடம்தான், ஃபோனில் செருகும் பின்னுக்குக் கீழே கழுத்து. கொஞ்சம் வளைத்துப் பிடித்தால் உயிர் வருகிறது, விட்டால் போகிறது. வாங்கிய அன்றே நூல் சுற்றி நெயில் பாலிஷ் பூசியிருக்க வேண்டும். சோம்பேறித்தனம்.

இதுவரை:
கறுப்பு (ரப்பர் மூடி): பாட்டுக்காரர்களுக்குச் செய்தது. டம் டம். பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வரும். பத்துக்கு மூன்று.
வெள்ளை (வெறும் பிளாஸ்டிக்): காது வலிக்கும். ஆனால் குரல் சுத்தம். எட்டு.
சிவப்பு (துணி சுற்றிய ஒயர்): அறுந்தே போகாது. ஆனால் ஷாலில் உரசினால் மைக்கில் கரகர. ஐந்து.
ஒயர் இல்லாதது (மகள் அபியுடையது, ஒரு நாள் திருட்டுத்தனமாக): வாய் முதலில் அசைகிறது, குரல் பிறகு வருகிறது. தலை சுற்றியது. சைபர்.

ஃபோனில் ஒரு ஆப் இருக்கிறது. எதிரில் பேசுவதை மைக்கில் பிடித்து, பெரிதாக்கிக் காதில் கொடுக்கும். அதை வைத்துத்தான் ஏழு மாதமாக ஆபீஸில் டிக்டேஷன் எடுக்கிறேன், மீட்டிங் குறிப்பு எழுதுகிறேன். இரண்டு காதிலும் நரம்புக் கோளாறு, இனி குறையத்தான் செய்யும், காது மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். வீட்டில் சொல்லவில்லை. ஆபீஸில் சொல்லவே இல்லை. எல்லோரும் நான் பாட்டு கேட்பதாக நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

இந்த நோட்டுக்கு மட்டும் பயமில்லை. வீட்டுக்காரர் ர. கரோல் பாகில் பிறந்து இந்தி மீடியத்தில் படித்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. அபி எழுத்துக் கூட்டினால் ‘அம்மா’ வரை வரும்.

பிப்ரவரி 5, வியாழன்

வெள்ளை. பிளவுஸில் ஊக்கு குத்தி ஒயரை நிறுத்தினேன், உரசல் இல்லை. மேலே மஃப்ளர். குளிர் குறைந்துகொண்டே வருகிறது, இன்னும் பத்து நாளில் மஃப்ளரும் கிடையாது. அப்புறம் ஒயர் ஊருக்கே தெரியும்.

மத்தியானம் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் எங்கள் பிரிவு கிளார்க் சுனிதாவும் கணக்குப் பிரிவுப் பெண்ணும். “மேடம் கா தோ கானா சல் ரஹா ஹை. மேடத்துக்குப் பாட்டு ஓடுது, நாம என்ன பேசினாலும் காதில் விழாது.” அப்புறம் என் ஷால், என் இந்தி, நான் கொண்டுவரும் தயிர் சாதத்தின் வாசனை. ஒரு வார்த்தை தப்பவில்லை. எட்டு கொடுத்தது சரிதான், எட்டரைகூடக் கொடுக்கலாம்.

திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு கேட்பவள் எப்படித் திரும்புவாள்?

வாங்க: புளி, பெருங்காயம், ர.வுக்கு இருமல் மருந்து.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சாமான். முருங்கைக்காய் வாடல். அங்கிருந்து மெட்ரோவில் கரோல் பாக், உபரியாக ஒரு இயர்போன் வாங்க. ர.விடம் பிளவுஸ் துணி என்று சொன்னேன்.

கடைக்காரர் சாம்பல் நிறத்தில் ஒன்றைக் காட்டினார். என் ஃபோனில் ஏதோ பாட்டைப் போட்டு, “பேஸ் தேக்கியே மேடம், பேஸ்!” என்றார். அந்த டம் டம் பேஸ் வேண்டாம், நீங்கள் சும்மா பேசுங்கள், நான் கேட்கிறேன் என்றேன். விழித்தார். “க்யா போலூன்?” என்ன பேசட்டும் என்கிறார், பாவம். பிறகு வீட்டு வாடகை, மருமகள் என்று ஆரம்பித்து நிறுத்தவில்லை. குரல் தெளிவு ஏழு. பின் வளைந்த ஜாதி, கழுத்தில் அழுத்தம் குறையும். வாங்கினேன்.

யோசித்தால் அசிங்கம். மெஷினுக்கு அரசாங்கமே பணம் தரும். ஆனால் விண்ணப்பம் எங்கள் பிரிவு வழியாகப் போக வேண்டும். சுனிதா தபால் பதிவு டைரியில் ஏற்றி நம்பர் போட வேண்டும். அன்று சாயங்காலமே மூன்று மாடிக்கும் தெரிந்துவிடும். எனக்கு முன் டைரக்டருக்கு பி.ஏ.வாக இருந்த கோ. மேடத்துக்கு இப்படித்தான் காது மந்தமானது. கீழே ரெக்கார்டு அறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத இடம். ஓய்வு பெறும்வரை அங்கேயே. கேன்டீனில் அவரைப் போல “ஹான்? ஹான்?” என்று காதில் கை வைத்து நடித்துக் காட்டுவார்கள். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடிக்கிறேன்.

எனக்கு ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம்.

பிப்ரவரி 9, திங்கள்

மீட்டிங் பரவாயில்லை. மூன்று மணிக்கு வெள்ளை போய்விட்டது. கரகரப்புகூட இல்லை, ஒரேயடியாக மௌனம். நான் அதைக் கவனிக்கவே இல்லை. அறை அமைதியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்!

நிமிர்ந்தபோது மேஜைக்கு எதிரே ஒருவர், முகம் சிவந்து. மேலிடத்து அதிகாரியாம். மூன்று தடவை கூப்பிட்டாராம். என் காதிலிருந்து தொங்கிய ஒயரைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு நேராக டைரக்டர் அறைக்குள் போனார்.

சாம்பல் நிற இயர்போன் பையில்தான் இருந்தது. முப்பது நொடி வேலை, மாற்றியிருப்பேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

மெமோ வந்துவிட்டது. அலுவலக நேரத்தில் இயர்போனில் பாட்டு கேட்டு, வந்த அதிகாரியை அலட்சியம் செய்தது ஏன். மூன்று நாளில் எழுத்துமூலம் விளக்கம்.

இருபத்தெட்டு வருட சர்வீஸில் முதல் மெமோ. பாத்ரூமில் போய் அழுதேன். சத்தம் வந்ததா வரவில்லையா, எனக்கு எப்படித் தெரியும்?

பிப்ரவரி 11, புதன்

மழை பெய்யலாம் போல. பெய்யவில்லை.

இரண்டு பதில் எழுதினேன்.
ஒன்று: எனக்குக் காது கேட்காது. அது பாட்டு அல்ல.
இரண்டு: மெதுவாக பக்திப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தேன். தவறுதான். இனி நடக்காது.

இரண்டாவதைக் கொடுத்தேன். பக்தி என்ற வார்த்தையைச் சேர்த்ததற்குக் கடவுள் மன்னிக்கட்டும். மந்தம் என்பதைவிடத் திமிர் என்ற பெயர் மேல். திமிர் பிடித்தவளை யாரும் ரெக்கார்டு அறைக்கு அனுப்ப மாட்டார்கள்.

ராத்திரி சமையலறையில் நின்றிருந்தேன். ர. முதுகுக்குப் பின்னால் எத்தனை நேரம் பேசினாரோ. தோளைப் பிடித்துத் திருப்பினார்.

“எப்பப் பாரு காதுல அந்த ஒயரு. வீட்டுல நாங்க ரெண்டு மனுஷங்க இருக்கோம், தெரியுதா உனக்கு?”

“தெரியுதுங்க.”

“என்ன தெரியுது? பத்து தடவை கூப்பிட்டேன். பேசறதே வேஸ்ட். செவிடன் காதுல ஊதின சங்குதான்.”

சிரித்துவிட்டேன். அதற்கும் கோபம். சாப்பிடாமல் போய்ப் படுத்துவிட்டார். உண்மையில் அப்போது காதில் ஒயரே இல்லை. மிக்ஸி மேல் சுருட்டி வைத்திருந்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை.

அபி தட்டைக் கழுவிவிட்டு, “அம்மா, அப்படி என்னதான் பாட்டு? முஜே பீ சுனாவோ நா, எனக்கும் போடேன்” என்று எதிரில் வந்து கை நீட்டினாள். உனக்குப் பிடிக்காது என்றேன். அவள் முகம் சுருங்கியது. குழந்தையிடம்கூடப் பொய்.

அவள் தூங்கிய பிறகு, நிஜமாகவே ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முன்பிருந்து தலைகீழாகத் தெரிந்த பாட்டு. சாம்பல், முழு சத்தம். தாளம் இருக்கிறது. பாடுகிறவர் ஆணா பெண்ணா என்றுகூடப் பிடிபடவில்லை. நிறுத்திவிட்டேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

டைரக்டர் கூப்பிட்டார். நல்ல மனிதர், கத்தவில்லை. பதில் திருப்தி, மெமோ முடிந்தது, ஃபைலில் ஒன்றும் ஏறாது. “கோயி பாத் நஹீ, பரவாயில்லை, பாட்டு எனக்கும் பிடிக்கும்.” ஒரே ஒரு விஷயம் மட்டும். திங்கள் முதல் இயர்போன் டிராயரிலேயே இருக்கட்டும். மற்றவர்கள் பார்க்கிறார்கள் அல்லவா.

“ஜி சார்” என்று வெளியே வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வேலியில் போன ஓணானை எடுத்து நானே மடியில் விட்டுக்கொண்டேன்.

சுனிதா லட்டு கொடுத்தாள். தப்பித்தீர்கள் மேடம் என்றாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

வெயில். மாடியில் போர்வை காயப்போட்டேன்.

வெறும் காதோடு ஒத்திகை. குக்கர் விசில்: கேட்கிறது. காலிங் பெல்: இல்லை. ர. பேப்பரை உரக்கப் படிப்பது: யாரோ படிக்கிறார்கள் என்று மட்டும். அபி எதிரில் நின்று பேசினால்: முக்கால்வாசி, உதட்டைப் பார்த்து. முதுகு காட்டினால் சுத்தம்.

நாளைக்கு: டைரக்டருக்கு நேர் எதிர் நாற்காலி. அஜெண்டாவை மனப்பாடம் செய்ய. அவர் மீசை மெல்லியது, உதடு நன்றாகத் தெரியும். சமாளிக்கலாம்.

பிப்ரவரி 16, திங்கள்

இயர்போன் டிராயரில். பத்தே முக்காலுக்கே போய் எதிர் நாற்காலியைப் பிடித்தேன்.

டைரக்டர் மாஸ்க்கோடு வந்தார். சளியாம்.

தேதி எழுதினேன். இடம். வந்தவர்கள் ஒன்பது பேர், பெயர், பதவி. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. நீல மாஸ்க் உள்ளே போகிறது, வெளியே வருகிறது. எல்லோரும் தலையாட்டினால் நானும் ஆட்டினேன். ஒரு கட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள், சிரித்தேன். பிறகு எல்லோரும் என்னையே பார்த்தார்கள். டைரக்டர் ஏதோ கேட்டிருக்கிறார். பக்கத்தில் சுனிதா என் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். பெயர்களுக்குக் கீழே வெறும் வெள்ளை.

கை தானாகக் காதுக்குப் போனது. கோ. மேடம் செய்வது போலவே.

எழுந்துவிட்டேன். “சார், முஜே சுனாயி நஹீ தேதா” என்றேன். எனக்குக் காது கேட்காது சார். ஏழு மாதமாக நான் பாட்டு கேட்கவில்லை, உங்களைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு சத்தமாகச் சொன்னேனோ தெரியாது. வராந்தாவில் டீத் தட்டோடு போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

டைரக்டர் மாஸ்க்கைக் கழற்றினார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், பிறகு குனிந்து, உதடு தெரியாமல், மேஜையைப் பார்த்து நெடுநேரம் சொன்னார். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. எழுத வேண்டியவள் நான்.