காற்று நின்ற பிறகு ஏறும் நீர்

நவம்பர் 3, 2008

ஓய்வு பெற்று நான்கு வருடம். கணினி மாதிரியின் புதிய பதிப்பைச் சோதிக்கக் கடல்மட்ட முன்கணிப்பு அலுவலகம் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. தலைவி ஃபுல்வியாவுக்குத் தரவேண்டிய அறிக்கையின் சுருக்கம்:

1. ஆபத்து இரண்டாவது ஏற்றத்தில்தான். தென்காற்று நின்ற பிறகும் அட்ரியாட்டிக் கடல் தொட்டித் தண்ணீர் போல ஆடிக்கொண்டிருக்கும். சுமார் இருபத்திரண்டு மணி நேரத்தில் மறுபடி நம் பக்கம் ஏறும்.
2. புதிய பதிப்பு அதைப் பிடிக்கும்.
3. பிடித்தும் பயனில்லை. வெயிலடித்தால் எங்கள் ஊர் கியோஜாவில் யாரும் நம்பமாட்டார்கள்.

நவம்பர் 7

முப்பது பழைய புயல்களை இரண்டு பதிப்புகளிலும் ஓட்டிப் பார்த்தேன். பழைய பதிப்பு இரண்டாவது ஏற்றத்தைத் தவறவிட்டது பதினொரு முறை. புதியது, இரண்டு முறை. துறைமுக அளவிகளின் நீர்மட்டத்தை உள்வாங்கி, கடலின் ஆட்டத்தை இது நினைவில் வைத்திருக்கிறது. நன்றாக இருக்கிறது. எங்கோ கூட்டலில் பிழை செய்திருப்பேனோ?

நவம்பர் 8

மறுபடி கூட்டினேன். பிழையில்லை.

நவம்பர் 10

ஒர்னெல்லாவின் மீன்கடையில் மத்தி வாங்கினேன். எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர். பட்டப்பெயர் சொன்னால்தான் ஆள் தெரியும். என்னுடையது ‘ஒருவேளை’.

“வாங்க ஒருவேளை ஐயா. நாளன்னைக்குத் தண்ணி வருமா? இல்ல, வந்தாலும் வரலாம், வராட்டியும் வராம இருக்கலாமா?”

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும். ஆறு வருடம் முன்பு ‘நீர் ஒருவேளை வடியும்’ என்று அறிவித்துக் கையெழுத்திட்டவன் நான்தான். அன்று அவளுடைய குளிர்பெட்டி மோட்டார்களை உப்புநீர் தின்றது. “இன்னொரு தடவை போச்சுன்னா கடையை மூடிட்டு மக வீட்டுக்குப் போயிடுவேன்” என்றாள், மீனைச் சுற்றிக்கொண்டே.

நவம்பர் 12

பகல் ஒரு மணிக்கு முழங்கால் நீர். நீரைத் தடுக்க வாசலில் செருகும் பலகைகள் தாங்கின. மூன்று மணிக்குக் காற்று வடகிழக்குக்குத் திரும்பியது. உடனே தெரு முழுக்க வழக்கமான கூத்து: பலகையைக் கழற்று, நல்ல தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவு. போரா என்னும் இந்த வடகிழக்குக் காற்று வீசினால் வெள்ளம் முடிந்தது என்பது இங்கே வேதவாக்கு.

திரையில்: நாளை காலை பதினொன்று. பழைய பதிப்பு 85 சென்டிமீட்டர்: தெரு நனையாது. புதியது 128: மறுபடி வெள்ளம்.

ஃபுல்வியா கேட்டாள்: “எதைப் போடலாம், ஐயா?”

“புதுசு. ஆனா ஒருவேளை…”

“நீங்களே எழுதுங்க. கையெழுத்தும் உங்களுது.”

எழுதினேன்: ‘நாளை காலை பதினொரு மணிக்கு 128 சென்டிமீட்டர் வரும். பலகையைக் கழற்றாதீர்கள்; கழற்றியிருந்தால் மறுபடி மாட்டுங்கள்.’ ஒருவேளை என்ற சொல்லை வரைவில் இரண்டு இடத்தில் அடித்து நீக்கினேன். மீன்சந்தை வாசலில் நானே ஒட்டினேன். படித்தவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். ஒரு மேகமில்லை.

நவம்பர் 13

பதினொன்று ஐந்து. 131. நல்ல வெயில். போய்ப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

நவம்பர் 14

போனேன். ஒர்னெல்லாவின் பலகையில் ஈரக்கோடு வெளிப்பக்கம் மட்டும். குளிர்பெட்டிகள் மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தன. அந்தத் தெருவில் ஏறக்குறைய எல்லா வாசலிலும் பலகை.

“வெயிலடிச்சுதே. எப்படி நம்பினீங்க?”

“நாப்பது வருஷமா ‘ஒருவேளை’ன்னே எழுதின மனுஷன் நீங்க. இந்தத் தடவ அது காகிதத்துல இல்ல. படிச்சதும், தண்ணி நிச்சயம் வருதுன்னு தெரிஞ்சுபோச்சு. தெருவுல எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.”

அறிக்கையை இன்று கொடுத்துவிட்டேன். முதல் இரண்டு குறிப்புகள் அப்படியே இருக்கின்றன. மூன்றாவது தவறு. அடித்துவிட்டேன்.