திரும்பி வருவதற்கான சார்ஜ்

3 மார்ச் 2025, திங்கள்

காலை 9.40க்குக் கடலூரில் கிளம்பும்போது பேட்டரி 100. சிதம்பரம் மருத்துவமனை வாசலில் 76. திரும்பி வந்து அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் நிறுத்தியபோது 52. ஏசி போட்டு, வேகம் அறுபதுக்கு மேல் போகாமல்.

சௌந்தரத்துக்கு முதல் கதிர்வீச்சு முடிந்தது. இன்னும் இருபத்துநான்கு. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 11.20க்கு. உள்ளே இருப்பது பத்து நிமிடம்தான். போய்வர மூன்று மணி நேரம். "ஒண்ணுகூட விடக் கூடாது. மார்ல அந்த எடத்துல வேர்வை, உரசல் ரெண்டும் ஆகாது" என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பேருந்தில் இடிபட்டுக்கொண்டு போக முடியாது என்பதற்காகத்தான் இந்த மின்சாரக் கார். புனேயிலிருந்து மகன் எழிலன் ஏற்பாடு செய்து அனுப்பினான். சிதம்பரத்திலேயே ஓர் அறை எடுத்துக்கொள்ளலாமா என்று அவள் கேட்டாள். "வண்டி இருக்கறப்ப எதுக்கும்மா? ராத்திரி வீட்லயே சொருகிட்டா காலைல ஃபுல். செல்போன் மாதிரிதான்" என்று போனில் சொன்னான் எழிலன்.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

4 மார்ச், செவ்வாய்

ஏன் இரவில் சொருகவில்லை என்று சௌந்தரம் கேட்டாள். "வயரிங் தாங்காது போலிருக்கு. எலக்ட்ரீசியன் வந்து பாக்கணும்" என்றேன். நான் எந்த எலக்ட்ரீசியனையும் கூப்பிடவில்லை.

போகும்போது 52, சேர்ந்தபோது 28. திரும்ப 24 வேண்டும். நான்கு மீதியோடு வீடு வருவதா? சிகிச்சை முடிந்ததும் புறவழிச்சாலையில் ஓர் உணவகத்தின் பின்னால் இருக்கும் பொதுச் சார்ஜருக்குப் போனோம். கடலூரில் இருப்பதில் "விரைவில் சரிசெய்யப்படும்" என்று ஒரு மாதமாக அட்டை தொங்குகிறது. புதுச்சேரிக்குப் போனால் நிரப்புவதில் பாதி போய்வரவே சரியாகிவிடும். ஆக, எங்களுக்கு இது ஒன்றுதான். சொருகும் கன் ஒன்றே ஒன்று. மேலே கூரை கிடையாது.

முன்னால் ஒரு டாக்சி. ஓட்டுநர் பெயர் ராபர்ட், வேளாங்கண்ணிக்கு ஆள் ஏற்றிப் போகிறவர். நான் என் முறை வரும்வரை தள்ளி நின்றேன். அவர் சிரித்தார்.

"என்னா பெரியவரே, அங்க நிக்கறீங்க? கல்யாணப் பந்தி மாதிரி, சாப்புடறவன் முதுகுக்குப் பின்னாடியே நின்னாதான் எலை. இல்லன்னா எவனாவது பூந்துருவான்."

அவருக்குப் பின் எங்களுக்கு ஐம்பது நிமிடம். 80 வந்ததும் எடுத்துவிட்டேன். அதற்கு மேல் மெதுவாகத்தான் ஏறுமாம். சௌந்தரம் இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கவில்லை.

7 மார்ச், வெள்ளி

ஐந்து முடிந்தது. சார்ஜர் வாசலில் இந்த வாரம் காத்திருந்தது மொத்தம் மூன்று மணி இருபது நிமிடம்.

9 மார்ச், ஞாயிறு

இதை எங்காவது எழுதித்தான் ஆக வேண்டும்.

2022 ஆகஸ்டில் இரண்டாவது மாடி வினோத்குமார் மின்சார ஸ்கூட்டர் வாங்கினான். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை. கீழ்த்தளத்தில் ஒரு சாக்கெட் வைத்துக்கொள்கிறேன் என்றான். எங்கோ ஒரு ஸ்கூட்டர் எரிந்ததைச் செல்போனில் பார்த்துவிட்டு எல்லோரும் பயந்துபோயிருந்தார்கள். சங்கத் தலைவர் கொளஞ்சியப்பன், "பன்னெண்டு குடும்பம் இருக்குற எடம்" என்று மேசையைத் தட்டினார். வினோத் என் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்க படிச்சவரு. நீங்க சொல்லுங்க. தனி லைன் இழுத்து, ஒழுங்கா எர்த் போட்டா வெடிக்குமா?"

நான் இயற்பியல் பட்டதாரி. வானிலை நிலையத்தில் முப்பத்துநான்கு வருடம் மூன்று மணிக்கு ஒருமுறை கருவிகளைப் பார்த்து எழுதினவன். எனக்குப் பதில் தெரியும். "உறுதியா சொல்ல முடியலப்பா" என்றேன்.

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதால் அப்போது நான்தான் செயலாளர். "எந்த மின் வாகனத்தையும் பொது நிறுத்துமிடத்தில் சார்ஜ் செய்யக் கூடாது" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன். 'எந்த' என்பதன் கீழ் கோடும் போட்டேன். யாரும் கோடு போடச் சொல்லவில்லை.

எழிலனிடம் இதை எப்படிச் சொல்வது? சௌந்தரத்திடம்?

12 மார்ச், புதன்

மாசி மகம். தேவனாம்பட்டினத்துக்குச் சாமிகள் வரும் நாள். தெரிந்தும் அரை மணி நேரம் முன்னால்தான் கிளம்பினேன். மஞ்சக்குப்பத்திலிருந்து திருப்பாதிரிப்புலியூர் தாண்டவே ஒரு மணி நேரம் ஆனது. நேற்று சார்ஜரில் பாதியிலேயே மின்சாரம் போய்விட்டதால் கிளம்பும்போதே 46தான். ஆலப்பாக்கத்தில் 35. செயலியைப் பார்த்தேன். சிதம்பரம் சார்ஜர் இன்றும் வேலை செய்யவில்லை என்று காட்டியது.

வண்டியை ஓரங்கட்டிக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். மூன்று தடவை போட்டேன். திருப்பிவிட்டேன்.

"என்னங்க, ஏன் திருப்பறீங்க?"

"திரும்பி வர பத்தாது சௌந்தரம்."

"போறதுக்குப் பத்துமா?"

"பத்தும்."

"நான் போறதுக்குத்தான கேட்டேன்."

போயிருக்கலாம். சிகிச்சை முடிந்த பின் வண்டி அங்கேயே நின்றிருந்தால்தான் என்ன? இது சாலையில் தோன்றவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது தோன்றுகிறது.

13 மார்ச், வியாழன்

26 இருந்தது. ஏசி போடாமல் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனோம். 5 மீதியோடு சேர்ந்தோம். சார்ஜர் வேலை செய்தது.

விட்டுப்போன ஒன்றைக் கடைசியில் சேர்த்துக்கொள்வார்களாம். "இன்னொண்ணு விட்டுடாதீங்க" என்றார் டாக்டரம்மா. அவர் என்னைப் பார்த்துச் சொன்னாரா, பொதுவாகச் சொன்னாரா?

ஏசி இல்லாவிட்டால் ஒரு வழிக்கு 21 போதும். போய்வர ஆறு மிச்சம்.

17 மார்ச், திங்கள்

ஏசி இன்றியே போய்வந்தோம். 42. கணக்கு சரியாக வருகிறது. பத்தாவது முடிந்தது.

18 மார்ச், செவ்வாய்

42. புதுச்சத்திரம் வந்தபோது "கொஞ்ச நேரம் ஏசி போடுங்களேன்" என்றாள். பரங்கிப்பேட்டைப் பிரிவு தாண்டியதும் போடுகிறேன் என்றேன். தாண்டியதும் அவள் கேட்கவில்லை. நானும் போடவில்லை.

20 மார்ச், வியாழன்

அக்குளுக்குக் கீழே தோல் உரிந்திருக்கிறது. ரவிக்கையில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது தோலோடு வந்துவிட்டது. நர்ஸ் ஈரத்துணி வைத்து எடுத்தபோது வெளியில் நின்ற எனக்குக் கேட்டது. அவள் கத்துகிறவள் அல்ல.

டாக்டரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். "கார்லதான வரீங்க? எப்படி இவ்ளோ வேர்வை? ஏசி இல்லாத காரா?"

"இருக்கு டாக்டர்."

"அப்புறம்?"

என்ன சொல்வது? ஆறு மிச்சப்படுத்தினேன் என்றா? கையில் அந்தக் காகிதம் இருந்தது. மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

திரும்பும்போது ஏசியைப் போட்டேன். சார்ஜரில் எங்களுக்கு முன் இரண்டு வண்டி. வெயிலில் ஒரு மணி நாற்பது நிமிடம். அவள் பக்கத்துக் கண்ணாடிக்கு என் துண்டைக் கட்டினேன். "இத மொதல்லயே கட்டியிருக்கலாம்ல" என்றாள். கோபம்கூட இல்லை குரலில்.

21 மார்ச், வெள்ளி

தெரிந்துவிட்டது.

படியில் சௌந்தரம் மூச்சு வாங்க நின்றபோது வினோத்குமார் பையை வாங்கிக்கொண்டு மேலே வந்தான். வீட்டிலேயே சார்ஜ் போட்டால் இவ்வளவு அலைச்சல் இல்லையே, இந்த வயரிங்கை யாராவது பார்த்துச் சரிசெய்ய மாட்டார்களா என்று அவனிடம் கேட்டிருக்கிறாள். "வயரிங்கா? வயரிங்குக்கு ஒண்ணும் இல்ல அத்தை. மாமா எழுதுன தீர்மானம்தான். மாமாவையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். நான் கதவுக்கு உள்ளே நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, "அத எடுக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள்.

"இல்ல."

"பதினெட்டு நாளா?"

"எப்படிக் கேக்கறதுன்னு..."

"வாயாலதான்."

23 மார்ச், ஞாயிறு

சங்கக் கூட்டம். நானே கேட்டுக் கூட்டியது. எட்டு வீட்டார் வந்திருந்தார்கள். பேச எழுதி வைத்திருந்ததை எடுத்தேன், எழுத்து தெரியவில்லை. கண்ணாடியை மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். "என் மனைவிக்கு" என்று ஆரம்பித்து அங்கேயே நின்றுவிட்டேன்.

கொளஞ்சியப்பன் கெட்ட மனிதர் அல்ல. "எல்லாருக்கும் தெரியும் சார். ஆனா இது நீங்க எழுதுனது. கோடு வேற போட்டிருக்கீங்க" என்றார். சிரிப்பு. நோயாளிக்காக ஒரு விலக்குக் கொடுக்கலாம் என்றார் ஒருவர்.

வினோத் எழுந்தான். "விலக்கு எதுக்கு? மூணு வருசமா நான் பேட்டரிய கழட்டி ரெண்டு மாடி தூக்கறேன். பன்னெண்டு கிலோ. அன்னிக்கு வெடிக்கும், இன்னிக்கு வெடிக்காதா? அத்தைக்கு வேணும்னா என் வீட்லேருந்தே லைன் குடுக்கறேன். ஆனா மாமா ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு அவருக்குத் தெரியுமா, தெரியாதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவும் ஒரு பதில்தான் என்று எடுத்துக்கொள்வான் என்று நினைத்தேன். "சரி மாமா" என்று போய்விட்டான்.

கடைசியில் கொளஞ்சியப்பன் ஒரு தாள் கொடுத்தார். தனி லைன், தனி மீட்டர். எது நடந்தாலும் முழுப் பொறுப்பும் என்னுடையது என்று கையெழுத்து. "போட்டுக் குடுங்க சார், நாளைக்கே வேலைய ஆரம்பிக்கலாம்."

படித்துவிட்டுத் தருகிறேன் என்றேன்.

25 மார்ச், செவ்வாய்

'எது நடந்தாலும்' என்றால் எது? என் வாழ்நாளில் கருவி காட்டியதை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். நடக்காத ஒன்றுக்குக் கையெழுத்திட்டதில்லை. பன்னிரண்டு குடும்பம். நாளை ஒருமுறை படித்துவிட்டுப் போடலாம்.

26 மார்ச், புதன்

படித்தேன். போடவில்லை.

27 மார்ச், வியாழன்

சார்ஜருக்கு முன் ஒரு லாரி குறுக்கே நின்றது, ஓட்டுநர் சாப்பிடப் போயிருந்தார். போய்க் கூப்பிடத் தைரியம் வரவில்லை, சாப்பிட்டு முடிக்கட்டும் என்று நின்றேன். நாற்பது நிமிடம்.

அதற்குள் சௌந்தரம் யாரிடமோ போனில் பேசினாள். வீட்டுக்கு வந்ததும் பெட்டியை எடுத்தாள். குமராட்சியைச் சேர்ந்த சத்யப்பிரியா என்ற பெண்ணுக்கும் அதே மருத்துவமனையில் சிகிச்சை நடக்கிறது. அவள் எதிரிலேயே அறை எடுத்திருக்கிறாளாம், ஒரு கட்டில் காலியாம்.

"நாளைக்குக் கொண்டுபோய் விட்டுடுங்க. மீதி ஏழும் முடிச்சுட்டு வந்துடறேன். ரோட்டைத் தாண்டுனா ஆஸ்பத்திரி."

"நானும் வந்து..."

"பொம்பளைங்க இருக்குற ரூம். நீங்க எங்க இருப்பீங்க?" சேலையை மடித்துக்கொண்டே சொன்னாள். "கோவமெல்லாம் இல்ல. தினமும் இந்த நம்பரப் பாத்துக்கிட்டே என்னால போவ முடியல. அவ்ளோதான்."

தாள் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. எடுத்துக் காட்டியிருக்கலாம். கையெழுத்தில்லாத தாளைக் காட்டி என்ன செய்வது?

28 மார்ச், வெள்ளி

விட்டுவிட்டு வந்தேன். திரும்பும்போது ஏசி போடவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

30 மார்ச், ஞாயிறு

காலையில் கையெழுத்திட்டேன். இரண்டு நொடி ஆனது. இதற்கா ஒரு வாரம்?

தீர்மானப் புத்தகத்தையும் கேட்டு வாங்கினேன். 2022 தீர்மானத்தின் அடியில், "முறையாக அமைத்தால் ஆபத்து மிகக் குறைவு என்று அன்று எனக்குத் தெரிந்திருந்தது; கேட்டபோது நான் சொல்லவில்லை" என்று எழுதித் தேதியிட்டேன். வினோத் வீட்டுக்குப் புத்தகத்தோடு போனேன். அவன் நின்றபடியே படித்தான்.

"இத எழுதறதுக்கு அத்தை வீட்ட விட்டுப் போவணுமா மாமா?"

உள்ளே வாங்க என்று கூப்பிடவில்லை. ஆனால் தனக்குத் தெரிந்த எலக்ட்ரீசியன் பக்கிரியின் எண்ணைத் தந்தான்.

1 ஏப்ரல், செவ்வாய்

நேற்று ரம்ஜான் விடுமுறை. இன்று இருபதாவது முடிந்தது, நடந்தே போய்வந்தேன் என்று போன் செய்தாள். புண் காய்கிறதாம். சத்யப்பிரியா நன்றாக ரசம் வைக்கிறாளாம். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. சௌந்தரமும் சிரித்தாள்.

நான் சார்ஜர் வேலையைப் பற்றிச் சொன்னேன். "நல்லது" என்றாள்.

5 ஏப்ரல், சனி

பக்கிரி வேலையை முடித்துவிட்டார். இரண்டு சாக்கெட், வினோத்துக்கும் சேர்த்து; கொளஞ்சியப்பன் மறுக்கவில்லை. "இதுக்காய்யா மூணு வருசம் மீட்டிங் போட்டீங்க?" என்று கேட்டார்.

8 ஏப்ரல், செவ்வாய்

இன்று இருபத்தைந்தாவது. கடைசி.

நேற்று இரவு கீழ்த்தளத்தில் முதல்முறையாகச் சொருகினேன். மூன்று முறை இறங்கிப்போய்ப் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. காலையில் 100. முன் இருக்கையைத் துடைத்தேன். அவள் பக்கத்துக் கண்ணாடிக்கு ஒரு திரை வாங்கி ஒட்டினேன். சிகிச்சை முடியும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று ஒன்பதே முக்காலுக்குச் சாவியை எடுத்தேன். சொல்லிவிட்டுக் கிளம்புவோம் என்று போன் செய்தேன்.

"இன்னிக்கு எனக்கு மொத ஆளா காலைல ஏழு மணிக்கே குடுத்துட்டாங்க. முடிஞ்சு கெளம்பிட்டேன். பஸ் புதுச்சத்திரம் தாண்டிடுச்சு."

"பஸ்ஸா? நான் வந்திருப்பேனே. இப்ப வீட்லயே..."

"உக்கார எடம் கெடைச்சுது. ஜன்னலோரம். ஒண்ணும் கஷ்டமில்ல. வைங்க, கண்டக்டர் வராரு."

கடலூர் பேருந்து நிலையம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு போய்க் காத்திருந்தேன். அவளே பெட்டியோடு இறங்கினாள். பெட்டியை வாங்கிக்கொண்டேன். கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்தியபோது 97.