பஸ் கணக்கும் பத்து மணி டாக்டரும்

ஹனீன்,

புட்டு மேசையில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுப் படி.

உன் எம்பிஏ நுழைவுத் தேர்வு நோட்டைத் திறந்துவிட்டேன், திட்டாதே. தோ பாயோவிலிருந்து ஒரு பஸ், ஜாலான் புசாரிலிருந்து ஒரு பஸ். எப்போது சந்திக்கும்? தூரமும் ஒரு பஸ்ஸின் வேகமும் கொடுத்திருந்தார்கள். இன்னொரு பஸ்ஸின் வேகத்தை நானே இட்டுக்கட்டி, பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டு, 'பதினொரு நிமிடம்' என்று எழுதிவிட்டேன். பிறகுதான் கேள்வியின் கடைசி வரியைப் படித்தேன்: விடை வேண்டாம், கொடுத்த தகவல் போதுமா என்று மட்டும் சொல். போதாது.

என் வயிற்றுக் கட்டியிலும் ஒரு வாரமாக இதே வேலைதான். கட்டி இருக்கிறது, என்ன கட்டி என்று பயாப்ஸி முடிவு வந்தால்தான் தெரியும். டாக்டர் சொன்னது அவ்வளவுதான். நானோ மிச்சத்தை இட்டுக்கட்டி, எனக்குப் பிறகு உனக்கு இரண்டாவது மாப்பிள்ளைகூடப் பார்த்துவிட்டேன். ஆள் சுமார்தான்.

நேற்று நீயும் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றபோது "நீ வந்து என்ன செய்யப் போறே? உக்காந்து படி லா!" என்று கத்தினேனே, அது கோபமில்லை. பயம்.

ரமீஸ்

பி.கு. இன்று பத்து மணிக்கு பயாப்ஸி முடிவு சொல்வார்கள். படிப்பு கிடக்கட்டும், டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிடு. நீ வரும்வரை, உள்ளே கூப்பிட்டாலும் போகமாட்டேன்.