மைக் டெஸ்ட்ல சொன்ன சேதி

அன்பு மக வாலுவுக்கு, அம்மா எழுதறது. இங்க நாங்க ரெண்டு பேரும் நடமாடிக்கிட்டுதான் இருக்கோம், நீயும் அங்க வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி உடம்பைப் பாத்துக்கிட்டு இருப்பேன்னு நினைச்சுக்கறேன், நினைச்சுக்கத்தான் முடியும், கேட்டா பதில் சொல்றதுக்குள்ள போனை வச்சிடறியே. இந்தக் காலத்துல என்ன கடுதாசின்னு சிரிக்காதே, கடுதாசியை நடுவுல கட் பண்ண முடியாது, அதான். மருந்துக்கடையில மத்தியானம் கூட்டம் இல்ல, முதலாளி சாப்பிடப் போயிருக்கார், பில் புக்குக்கு அடியில வச்சு எழுதறேன். உங்கப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா குதிப்பார்.

முதல்ல உன் பாட்காஸ்ட் கதைக்கு வரேன். புதுசா புஸ்தகம் எழுதின பேராசிரியர்களைக் கூப்பிட்டு வச்சு மணிக்கணக்கா பேசறே, சந்தோஷம், பெருமைதான், யார் இல்லேன்னா. ஆனா அதை இந்த வீட்டுல கேக்கற பாடு எனக்குத்தான் தெரியும். உங்கப்பா ஒண்ணையும் விடமாட்டார். முப்பத்திரண்டு வருஷம் அச்சாபீஸ்ல மெஷின் ஓட்டி லாரி லாரியா புஸ்தகம் அடிச்சுத் தள்ளினவர், ஒண்ணையாவது பிரிச்சுப் படிச்சிருப்பாரா, இப்ப என்னடான்னா எறும்பு, உப்பு, பழைய வரைபடம்னு நீ எதைப் பத்திப் பேசினாலும் செல்லை வலது காதுல அழுத்திக்கிட்டு உக்காந்துடறார். பாதி விழுது, பாதி விழல. உடனே இப்ப என்ன கேட்டா, இப்ப என்ன கேட்டான்னு என்னைக் கூப்பிடுவார். நான் அடுப்பைச் சின்னதாக்கிட்டு ஓடி வந்து கத்தணும். பேராசிரியர் இருபது நிமிஷம் இழுத்ததை நான் ரெண்டு வரியில சொன்னா, இவ்வளவு நேரம் அவர் இதையா சொன்னார், நீ பாதியை முழுங்கறேன்னு சண்டை வேற. போன மாசம் எறும்பு புஸ்தகம் மொத்தத்தையும் கத்தி முடிச்சேன், மறுநாள் காலையில எதிர்வீட்டு டெய்லர் ஜன்னல்ல தலையை நீட்டி, அப்புறம் அந்த ராணி எறும்பு என்னாச்சுக்கான்னு கேக்கறார். மானம் போச்சு. தொண்டை கட்டிக்கிட்டு, நான் விக்கற மாத்திரையை நானே வாங்கிப் போட்டுக்கிட்டேன்.

இதைப் படிச்சுட்டு, என்னம்மா, அப்பாவுக்குக் காது கேக்கலையான்னு கேப்பே. கேக்கலடீ. உனக்கு அதைச் சொல்லியாச்சு. அந்தப் பெரிய மனுஷங்களோட பேச உக்கார்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் போடுவியே, அம்மா மைக் டெஸ்ட், ஏதாவது பேசு, ஒழுங்காப் பதிவாகுதான்னு பாக்கறேன்னு. நானும் குழாய் ஒழுகறது, மாடிப்படி பல்பு போனதுன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லுவேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் அதுலதான் சொன்னேன், அப்பாவைக் காது டாக்டர்கிட்ட காட்டினேன், இடது காது சுத்தமா போயிடுச்சாம், வலதும் வேகமா போய்க்கிட்டு இருக்காம், அத்தனை வருஷம் மெஷின் சத்தத்துல நின்னதாலதான்னு. அழுதுகிட்டேதான் சொன்னேன். நீ என்ன சொன்னே தெரியுமா? சூப்பர்மா, குரல் தெளிவா விழுது, வச்சிடறேன்னே. வச்சிட்டே. நீ என்ன பச்சைப் பிள்ளையா, நாப்பதை எட்டப் போறவ! முன்னப் பின்ன தெரியாதவங்க சொல்றதையெல்லாம் வரிக்கு வரி பிடிச்சு நிறுத்திக் கேள்வி கேக்கத் தெரியுது, பெத்தவ அழறது தெரியலையா உனக்கு? அழிக்காம வச்சிருந்தியானா தேடிப் பாரு, அந்தப் பதிவுல இருக்கும். திரும்பச் சொல்லலாம்னா உங்கப்பா, அவளுக்கு ஆயிரம் வேலை, இதை வேற அவ தலையில ஏத்தாதேன்னு தடுத்துட்டார். நானும் வீம்புக்கு, அவளா கேக்கட்டும்னு இருந்துட்டேன். அது என் தப்புதான், ஒத்துக்கறேன்.

ஆனா போன சனிக்கிழமை நீ போட்டதைக் கேட்டப்புறம் என்னால வாயை மூடிக்கிட்டு இருக்க முடியல. தொழிற்சாலைச் சத்தத்தைப் பத்திப் புஸ்தகம் எழுதின அந்தம்மா சொன்னாங்களே, சத்தத்துல வேலை செஞ்சவங்களுக்குக் காது ஒரேடியா போகாது, முதல்ல பொம்பளைங்க குரலும் குழந்தைங்க குரலும்தான் விழாம போகும், கேக்கலேன்னு சொல்ல வெக்கப்பட்டு அவங்க பேச்சையே குறைச்சுக்குவாங்கன்னு. நீ ஐயோன்னு உருகினே. உருகின கையோட, எங்கப்பாவும் அச்சாபீஸ்லதான் இருந்தார், ஆனா அவர் சுபாவமே அதிகம் பேசமாட்டார், போன் பண்ணா அம்மாகிட்ட கொடுக்கறேன்னுடுவார்னு சொல்லிச் சிரிச்சே பாரு, தலையில அடிச்சுக்கிட்டேன். அறிவுகெட்டவளே, அந்தம்மா உங்கப்பாவைத்தான்டீ சொன்னாங்க! அந்த வரியை மட்டும் நான் கத்திச் சொல்லல, முழுங்கிடலாம்னு பாத்தேன். பாழாப்போனது, அவருக்கே கேட்டுடுச்சு. செல்லைக் கீழ வச்சுட்டு, நான் பேசமாட்டேனான்னு என்னைக் கேட்டார். அவ கேக்கறது சரியா விழல, எதையாவது தப்பாச் சொல்லிடுவோமோன்னுதானே உன்கிட்ட கொடுக்கறேன், நான் எப்ப அவகிட்ட பேசமாட்டேன்னேன்னார்.

அடுத்த மாசம் காதுல மெஷின் வைக்கலாம்னு டாக்டர் சொல்றார். சத்தம் கேக்குமாம், ஆனா குரல் பழைய மாதிரி இருக்காதாம், அதுவும் எத்தனை நாளைக்குன்னு அவரால சொல்ல முடியல. உன் குரலை உன் குரலாவே கேக்க அவருக்கு ஒத்தைக் காது பாக்கி இருக்கு, அதுவும் பாதி. அதனால லீவு இல்ல, அடுத்த பேராசிரியர் காத்துக்கிட்டு இருக்கார்னு என்கிட்ட கதை விடாதே, புறப்பட்டு வா. உங்கப்பா புஸ்தகம் எழுதல, அது ஒண்ணுதான் அவர்கிட்ட குறை. எழுதினவங்களை உக்கார வச்சுக் கேக்கறியே, அதே மாதிரி அவரையும் ஒரு மணி நேரம் உக்கார வச்சுக் கேளு. கேட்டுட்டுப் பொறுமையா இரு. அவங்களுக்காகப் பொறுக்கறியே, அந்த மாதிரி.

முதலாளி வந்துட்டார், முடிக்கறேன். கோவத்துல நாலு வார்த்தை கூடப் போயிருந்தா அம்மாதானேன்னு விட்டுடு. ஒரு குறையும் இல்லாம நல்லா இருடி கண்ணு, நீ எடுத்த காரியமெல்லாம் ஜெயிக்கட்டும். ஒண்ணு மட்டும் மறந்துடாதே. வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் என்னை மாதிரி எதிர்ல நின்னு கத்தாதே, கூசிப்போவார். நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு வலது பக்கமா உக்காரு.

இப்படிக்கு,
தொண்டை கட்டின உன் அம்மா