மூத்தவளின் பேர்

மச்சாள்,

பூச்சி உருண்டை வாசம் எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. போன செவ்வாய்க்கிழமை அது வீடு முழுக்கப் பரவியது. மகளின் அலுமாரி அடித்தட்டில் மூன்று வருடமாகக் கட்டி வைத்திருந்த துணிப் பொட்டலத்தை, என் சம்பந்தி, மருமகனின் தாய், ஒருவரையும் கேட்காமல் அவிழ்த்துக் கட்டிலில் கொட்டினார். எல்லாம் செத்துப்போன மூத்த பேத்தியின் சட்டைகள். ஒன்றின் கழுத்தடியில் பால் கக்கிய கறை மஞ்சளாய்க் காய்ந்து கிடந்தது. அதையே எடுத்து உதறி, பிறந்து இருபத்தாறு நாளான இளையவளுக்குப் போட்டார். மூத்தவளின் படத்துக்குப் பக்கத்தில் அவளைக் கிடத்திப் போனில் படமும் பிடித்தார்.

"பாருங்க மச்சாள், அச்சு அசல் அதே புள்ளதான். போனவள் கிறுகித் திரும்பி வந்திருக்காள். பேரை ஏன் மாத்தவேணும்?" என்று என்னிடம் கேட்டார்.

அந்தப் படம் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய், இதயம் இதயமாகத் திரும்பி வந்தது. ஒருத்தருக்கும் அருவருக்கவில்லை. எனக்கு மட்டும் வாயில் உமிழ்நீர் ஊறி, கிணற்றடிக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

உனக்கு மூத்தவளைத் தெரியாது. நீ இந்த உலகத்தை விட்டுப் போன அடுத்த வருடம் பிறந்தாள். நிதுஷா என்று பேர் வைத்தோம். ஐந்து மாதம் இருந்தாள். ஒரு காய்ச்சல் வந்து மூன்று நாளில் கொண்டுபோய்விட்டது. இப்போது இரண்டாவதும் பெண். ஞாயிற்றுக்கிழமை முப்பத்தோராம் நாள், பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழித்துப் பேர் வைப்பதாக இருந்தது. சம்பந்திக்கு நிதுஷா என்ற அதே பேர்தான் வேண்டுமாம். மருமகன் நல்ல பெடியன், ஆனால் தாய்க்கு முன்னால் முதுகெலும்பில்லாத வாழைத்தண்டு. அவன் ஒரு சமாதானம் கொண்டுவந்தான்.

"மாமி, நிதுஷிகா எண்டு வெப்பம். அம்மாட மனசும் நோகாது, புதுப் பேருமாச்சு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான். ஒன்று போன பிள்ளையின் பேர். மற்றது அதற்கே வால் ஒட்டியது. இந்த இரண்டுக்கும் நடுவே நான்கு நாள் வீடு முழுக்கப் பட்டிமன்றம் நடந்தது. தேநீர் குடிக்க வந்த அயலட்டையெல்லாம் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனது. பிள்ளையைப் பெற்றவள் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மச்சாள், நீ வந்து என் முன்னால் நின்றாய்.

பாசிக்குடா ஹோட்டல் லோண்டரியில் நாம் இருவரும் படுக்கை விரிப்பு மடித்த காலம். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, நடுவில் வந்து சந்தித்து, மறுபடி பின்னுக்குப் போவோம். உன் நெஞ்சில் பேர்ப்பட்டி குத்தியிருக்கும்: புஸ்பராணி. மேற்பார்வைக்காரர் வாசலில் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நீ ஒருநாளும் உடனே திரும்பியதில்லை. உனக்குக் காது மந்தம் என்றே நான் நினைத்திருந்தேன். ஒருநாள் கேட்டும் விட்டேன். நீ விரிப்பின் முனையை விடாமல் சொன்னாய்:

"காதில ஒண்டுமில்லகா. கூப்பிட்டா முதல்ல அவள் திரும்புறாள். மறுகாத்தான் நான்."

புஸ்பராணி உன் அக்கா. இரண்டு வயதில், வட்டைக்குள், வயல் காவல் குடிலில் இருந்தபோது செத்துப்போனவள். அவளுடைய சாவை யாரும் பதியவில்லை. அடுத்ததாய் நீ பிறந்தாய், உன் பிறப்பையும் யாரும் பதியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாள் வந்ததும், பதிவுக் கந்தோருக்கு அலைய அலுப்புப்பட்ட உன் அப்பா பெட்டியில் கிடந்த அக்காவின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனார். பேரும் கிட்டத்தட்ட ஒன்றுதானே, வால்தானே வேறு என்றாராம். அன்றிலிருந்து கடிதாசியில் உனக்கு வயது இரண்டு கூட. வகுப்பில் எல்லோரிலும் சின்னவளாய் முன்வரிசை வாங்கில் இருந்தாய். உன் சொந்தப் பேரை வாசலுக்கு வெளியே சொல்லக் கூடாது என்று அப்பா அடித்தே பழக்கினார். அம்மா மட்டும் அடுப்படியில் மெல்லமாய் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாவாம். நீ அதைச் சொல்லும்போது சிரிப்பாய். "அடையாள அட்டை அவளுக்கு, கலியாணம் அவளுக்கு, சம்பளமும் அவளுக்கு. எனக்கு முதுகுவலி மட்டும்தான்."

அன்றைக்கு உன் பேரை என்னிடம் சொன்னாய். அதன்பிறகு இருபது வருடம், பக்கத்தில் ஆள் இல்லாதபோதெல்லாம் நான் உன்னை அப்படித்தான் கூப்பிட்டேன். அந்தப் பேருக்கு நீ உடனே திரும்பினாய்.

கடைசியில் புற்றுநோய் வந்து படுக்கையில் கிடந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாய். "நான் செத்தா நோட்டீசில என்ட பேரைப் போடச் சொல்லுகா." நான் ஓம் என்றேன்.

செய்யவில்லை மச்சாள். உன் புருஷன் அச்சகத்திலிருந்து போன் எடுத்து, "நோட்டீசில பேர் புஸ்பராணி எண்டு போடுறன், சரிதானே?" என்று கேட்டபோது நான் "சரி" என்றேன். ஊருக்கு விளங்கப்படுத்த வேண்டிவருமே என்ற அலுப்பு, உன் அப்பாவுக்கு வந்த அதே அலுப்பு. சந்தியிலே உன் படத்துக்குக் கீழே உன் அக்காவின் பேர் பெரிய எழுத்தில் தொங்கியது. ஒலிபெருக்கியில் ஒருவர் அதையே சொல்லிச் சொல்லி உருகினார். உன் அம்மா மட்டும் சவப்பெட்டியின் மேல் விழுந்து உன் உண்மையான பேரைச் சொல்லி ஒப்பாரி வைத்தா. சுற்றியிருந்தவர்கள், "பாவம், கிழவிக்கு மூளை தடுமாறிட்டு" என்று முணுமுணுத்தார்கள். ஒருத்தி அவவின் வாயைப் பொத்தித் தண்ணீர் பருக்கினாள். அவ சொல்வதுதான் சரி என்று தெரிந்த ஒரே ஆள் நான். பெட்டிக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. சம்பந்தியைப் பார்த்து வந்த அருவருப்பு பெரிதல்ல. என்னை நினைத்தால் வருகிறதே, அதற்குக் கிணற்றடி போதாது.

ஆகவே சனிக்கிழமை காலை, பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மகளிடம் உன் கதையைச் சொன்னேன். நான் அச்சகத்துக்குச் சொன்ன பொய்யையும் ஒளிக்காமல் சொன்னேன். அவள் பிள்ளையின் தலையைத் துவட்டினாள். பிறகு அழுதாள்.

"எனக்கும் விருப்பமில்லம்மா. ஆனா இவளுக்கு வேற பேர் வெச்சா, மூத்தவள்ற பேரை இனி ஆரு சொல்லுவாங்க? அஞ்சு மாசம்தானே இருந்தாள். எல்லாரும் மறந்திருவாங்க."

இவ்வளவு நாளும் அவள் வாய் மூடிக் கிடந்த காரணம் அதுதான்.

"நீ சொல்லு மகள்," என்றேன். "எத்தின புள்ள எண்டு ஆரும் கேட்டா ரெண்டு பொம்புளப் புள்ள எண்டு சொல்லு. ரெண்டு பேரையும் சொல்லு. அது உன்ட வேல, என்ட வேல. இந்தப் பச்சப் புள்ளைய அதைச் சுமக்க வெக்காத."

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறையச் சனம். சம்பந்தி பட்டுச்சேலையோடு பாயில் இருந்து, பேரைக் காதில் மூன்றுதரம் சொல்லப் பிள்ளைக்குக் கை நீட்டினார். மகள் பிள்ளையைக் கொடுக்கவில்லை.

"நான் சொல்றன் மாமி," என்றாள். குனிந்து சொன்னாள். முதல்முறை எனக்கே கேட்கவில்லை. மூன்றாம் முறை எல்லோருக்கும் கேட்டது. மகிழினி.

மருமகன் தாயைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், பிறகு பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து இருந்துகொண்டான். அவன் முதுகு அன்றைக்குத்தான் நிமிர்ந்ததைக் கண்டேன். சம்பந்தியின் முகம் கோணியது. "அப்ப அவள் இல்லையெண்டே முடிவெடுத்திட்டயளா?" என்று கேட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு எழும்பினார். அந்த ஒரு கேள்வியில் அவரும் பேத்தியைப் பறிகொடுத்தவர் என்பது எனக்கு உறைத்தது. ஆனாலும் பின்னால் போய்க் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கறைச் சட்டை கண்ணுக்குள்ளேயே நின்றது. கை நனைக்காமலே போனார். போகட்டும். கோபம் ஆறினால் வருவார், வந்தால் சோறு போடுவேன்.

பின்னேரம் சனம் கலைந்த பிறகு, மகள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, உங்கட அந்தக் கூட்டாளி மாமிட சரியான பேர் என்ன?"

சொன்னேன். அவள் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். உன் அம்மா கண் மூடிய பிறகு, என் வாயைத் தவிர வேறொரு வாயில் உன் பேரைக் கேட்டது அதுதான் முதல் தடவை மச்சாள்.