தமிழ் பேசுகிறவனைக் கடைசியில் பார்

இன்று காலை கோலா சிலாங்கூரில் புதிய சந்தைக் கட்டடத்தின் வாசலில் காரை நிறுத்திவிட்டு, முகம் துடைக்கத் துணி தேடி முன்பெட்டியைத் திறந்தேன். உன் தைலக் குப்பி உருண்டு கைக்கு வந்தது. மூடி இறுகவில்லை போலிருக்கிறது. அந்த வாசத்தோடு கார் முழுக்க நீ வந்து உட்கார்ந்துகொண்டாய்.

எந்தக் கட்டுமான சைட்டுக்குள் நுழையும் முன்பும் அதை எடுத்து நெற்றியிலும் மூக்கடியிலும் தடவிக்கொள்வாய். தலைவலியா என்று முதல்முறை கேட்டேன். "பயமா இருக்கு லா" என்றாய், வெட்கமே இல்லாமல். ஒரே தோட்டத்து லயத்தில் வளர்ந்து ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள் நாம். அதுவரை உன்னைப் பயந்தவனாக நான் பார்த்ததில்லை.

நகராண்மைக் கழகம் கட்டும் கட்டடங்களில் ஆட்களுக்குச் சம்பளம், தங்குமிடம், பாதுகாப்பு எல்லாம் சட்டப்படி கிடைக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் நம் வேலை. கழகத்து ஆட்களைக் குத்தகையாளர்களுக்கு நன்றாகத் தெரியும், கூடவே தேத்தண்ணி குடித்தவர்கள். அதனால்தான் வெளியிலிருந்து நம்மை அமர்த்தினார்கள். ஆலோசகர் என்று அட்டையும் கொடுத்தார்கள். "பூனைக்கு மணி கட்ட வாடகைக்குப் புடிச்ச எலிங்க நாம" என்று சொல்லிச் சிரித்தாய்.

அந்தச் சிரிப்பு பத்தாங் காலி சைட்டோடு போயிற்று. நான் ஆட்கள் தங்கும் கொங்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வங்காளமும் இந்தோனேசியப் பேச்சுமாக இரைந்த இடத்தில் ஒரு தமிழ்க்குரல் கேட்டு நீ அங்கேயே நின்றுவிட்டாய். ராமநாதபுரத்துப் பக்கத்து ஆள். ஊர், மழை, மீன்குழம்பு என்று போன பேச்சு, பாஸ்போர்ட்டை ஆட்களை மேய்க்கும் மண்டோர் பிடுங்கி வைத்திருக்கிறார் என்பதில் வந்து முடிந்தது. அவன் சொன்னது அறிக்கையில் போனது. அடுத்த முறை நாம் போனபோது அவன் இல்லை. வேறு சைட்டுக்குப் போய்விட்டான் என்றார் மண்டோர். எந்த சைட் என்றதும் லாரியைப் பார்க்கப் போய்விட்டார். விடுமுறை நாட்களில் புக்கிட் செந்தோசா வரைக்கும் ஒவ்வொரு கட்டடமாக ஏறி இறங்கித் தேடினாய். அவன் கிடைக்கவேயில்லை.

அதற்குப் பிறகுதான் தைலம் தடவத் தொடங்கினாய், ஒரு வழக்கத்தையும் வைத்தாய். "தமிழ் பேசுறவன கடைசியா பாரு. எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி, ஒரே அளவு பேச்சு. யாரு சொன்னான்னு மண்டோருக்குத் தெரியவே கூடாது." சமையல்காரரில் தொடங்கி ஒருவரையும் விடாமல் கேட்பாய். பொழுது போகிறதே என்று நான் முணுமுணுப்பேன்.

சிறுநீரகம் உன்னைக் கொண்டுபோன பிறகு தனியாகத்தான் போகிறேன். நேற்று இதே சந்தைக் கட்டடத்தில், மழை இருட்டிக்கொண்டு வந்ததால் அவசரமாக நடந்தேன். சாரத்தின் மேலிருந்து ஒரு குரல், "அண்ணே, தமிழா?" என்றது. என் வாய் தானாகத் திறந்துகொண்டது. பெயர் சேகர், மன்னார்குடிப் பக்கம், குழந்தையை இன்னும் நேரில் பார்த்ததில்லையாம். உயரத்தில் கட்டிக்கொள்ளும் பெல்ட்டுகளை நம்மைப் போன்றவர்கள் வரும்போது மட்டும் கொடுத்துவிட்டு, மற்ற நேரம் ஸ்டோரில் பூட்டி வைத்துவிடுகிறார்கள் என்றான். சாரத்துக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டிருந்தவன் திரும்பினேன். குடையோடு இந்த சைட்டின் மண்டோர் நின்றிருந்தார். இந்த ஊர்த் தமிழர்தான், எவ்வளவு காதில் விழுந்ததோ.

"என்ன பாஸ், சொந்தக்காரரா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு இரவெல்லாம் என்னைத் தூங்கவிடவில்லை.

மழையில் பாதியில் விட்ட விசாரணையை முடிக்க, இன்று உன் தைலத்தைத் தடவிக்கொண்டு உள்ளே போனேன். சாரத்தில் சேகர் இல்லை. மண்டோர் என் பின்னாலேயே வந்தார். சேகர் எங்கே என்று வாய்விட்டுக் கேட்க முடியாது. கேட்டால் நானே அவனைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். சமையல்காரரில் தொடங்கினேன். கலவை போடுகிறவர்கள், பலகை அடிக்கிறவர்கள், எல்லோரிடமும் மலாயில் அதே கேள்விகள். காது அவர்கள் பக்கம் இருந்தாலும் கண் அவனைத்தான் தேடியது. பத்தாங் காலி, பத்தாங் காலி என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நீ எப்படி இதைத் தாங்கிக்கொண்டு இவ்வளவு காலம் சைட் சைட்டாக ஏறி இறங்கினாய்?

கட்டடத்தின் பின்புறம் கடைசி ஆளாக, குனிந்து கம்பி வளைத்துக்கொண்டிருந்தான் அவன். தெரியாதவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தான். பெல்ட் கொடுக்கிறார்களா என்று மலாயில் கேட்டேன். மண்டோரை ஒரு முறை பார்த்துவிட்டு, "அடா, பாஸ்" என்றான். இருக்கிறதாம். அந்தப் பொய்யை அப்படியே குறித்துக்கொண்டேன். நல்லவேளை, பூட்டிய ஸ்டோரைப் பற்றி மற்றவர்களும் சொல்லியிருந்தார்கள். இனி அறிக்கையில் அது அவன் ஒருவனின் பேச்சாக இருக்காது.

மண்டோருக்குத் தொலைபேசி வந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் சேகர் மூக்கை உறிஞ்சினான்.

"தைல வாசம் வருது. தலைவலியாண்ணே?"

"பயமா இருக்கு தம்பி."

கம்பியிலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை. "எனக்குந்தான்" என்றான்.

அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும். அவன் அங்கே இருக்க வேண்டும். குப்பியின் மூடியை இறுக்கிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.